இரண்டு மீட்டர் பூமி: மாணவர்கள் கட்டிய ஒளிரும் புவிக்கோளம்

முதல் முறை விளக்கு எரிந்த மாலையில் யாரும் கைதட்டவில்லை. அன்றைக்கு வட அரைக்கோளம் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. எல்லா மரச்சட்டங்களிலும் எல்இடி பட்டைகளை வெளிப்பக்கம் பார்க்க ஒட்டியிருந்தோம், கிட்டத்தட்ட 28 மீட்டர் நீளத்துக்கு. சட்டங்களை ஒட்டிய இடமெல்லாம் கண்ணைக் கூசும் வெளிச்சம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே மங்கல். ஆசியா முழுக்கக் கோடு கோடாகத் தெரிந்தது. பல வாரம் உழைத்த மாணவர்கள் பேசாமல் நின்றார்கள். அப்புறம் ஒரு மாணவி விளக்கை அணைத்துவிட்டு, "சார், வெளிச்சத்தை நாம தப்பான பக்கம் அனுப்புறோமோ?" என்று கேட்டாள்.

இந்தத் திட்டத்தில் நான் கற்ற பெரிய விஷயம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் எங்கே தொடங்கினோம் என்று சொல்கிறேன்.

அளவு எப்படி முடிவானது

ஒன்பது மாணவர்கள், ஒரு பருவம். இயந்திரவியலும் மின்னியலும் படிப்பவர்கள் ஏழு பேர், புவியியல் படிப்பவர்கள் இரண்டு பேர். நான் வழிகாட்டி. உள்ளிருந்து ஒளிரும் பெரிய புவிக்கோளம் ஒன்றைக் கட்டிக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்பதுதான் வேலை.

பெரிய கோளம் என்றதும் எல்லோருக்கும் ஆசை எங்கேயோ போய்விடும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1998-இல் கட்டிய 'எர்த்தா' என்ற புவிக்கோளம் 12.5 மீட்டர் விட்டம் கொண்டது. அதில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமம். மாணவர்கள் அதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். ஆனால் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது அறையின் கூரையை. 2 மீட்டர் விட்டம் என்று முடிவு செய்தோம்.

அந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது சுமார் 6.4 கிலோமீட்டர். எவரெஸ்ட் 1.4 மி.மீ. உயரம்தான் வரும். மலைகளைப் புடைப்பாகச் செய்யலாம் என்று இருந்த யோசனை அந்தக் கணக்கோடு நின்றது. உண்மையான விகிதத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, தெரியும்படி வைத்தால் பொய்யாகிவிடும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாயிற்றே, அதைக் காட்ட வேண்டாமா என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நடுக்கோட்டு விட்டத்துக்கும் துருவ விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 43 கி.மீ.; எங்கள் கோளத்தில் அது 7 மி.மீ.கூட இல்லை. எங்கள் கட்டுமானப் பிழையே அதைவிட அதிகமாக வரப்போகிறது என்பது பின்னால் தெரிந்தது. சட்டங்களைச் சரியான வட்டமாகவே வெட்டினோம்.

15 பாகைச் சட்டங்கள்

9 மி.மீ. பிளைவுட்டில் 5 செ.மீ. அகலச் சட்டங்களை வளைவாக வெட்டி, தீர்க்கரேகைகள் போல நிறுத்துவது திட்டம். எத்தனை சட்டம்? பன்னிரண்டு போதும், வேலை பாதியாகும் என்றது ஒரு பக்கம். இருபத்து நான்கு வேண்டும் என்றது இன்னொரு பக்கம். இங்கே வடிவியல்தான் தீர்ப்புச் சொன்னது.

சட்டங்களுக்கு நடுவே போர்த்தும் தாள் குறுக்குவாட்டில் கிட்டத்தட்ட நேராகவே நிற்கும். ஏற்கெனவே மேலிருந்து கீழாக வளைத்த தாளைப் பக்கவாட்டிலும் வளைக்க முடியாது, கசங்கும். அதனால் நடுக்கோட்டில் வெட்டிப் பார்த்தால் கோளம் வட்டமாக இருக்காது, பலகோணமாகத்தான் இருக்கும். 12 சட்டம் என்றால் ஒவ்வொரு தாளின் நடுப்பகுதியும் உண்மையான கோளப் பரப்பிலிருந்து 34 மி.மீ. உள்வாங்கிவிடும். 24 சட்டம் என்றால் 8.6 மி.மீ. மட்டும். 34 மி.மீ. பள்ளத்தைத் தள்ளி நின்று பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடலாம், 8.6 அப்படித் தெரியாது.

24 சட்டம் என்றால் சட்டத்துக்குச் சட்டம் 15 பாகை. பூமி ஒரு மணி நேரத்தில் சுழலும் அளவு அது. உள்ளிருந்து ஒளி வரும்போது சட்டம் தாளைத் தொடும் இடம் கட்டாயம் கறுப்புக் கோடாகத் தெரியும், அதைத் தவிர்க்க வழியே இல்லை. அந்தக் கோடுகள் சரியான தீர்க்கரேகைகளாகவே அமைந்தால் பார்ப்பவர்களுக்கு அவை வரைபடத்தின் பகுதியாகிவிடும். பின்னாளில் கோளத்தின் முன் நின்று, "ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஒரு மணி நேரம்" என்று மாணவர்கள் விளக்கியபோது, அந்தக் கோடு உண்மையில் ஒரு மரத்துண்டின் நிழல் என்று யாருக்கும் தோன்றவில்லை.

துருவத்தில் வேறு சிக்கல். 40 செ.மீ. விட்டத்தில் அட்டையால் ஒரு மாதிரி செய்து பார்த்தபோதே அது தெரிந்துவிட்டது. முழு அளவில், நடுக்கோட்டில் 26 செ.மீ. இடைவெளியில் நிற்கும் சட்டங்கள் 75 பாகை அட்சரேகைக்குப் போகும்போது 7 செ.மீ.க்கு நெருங்கிவிடுகின்றன, 85 பாகையில் 2 செ.மீ.தான். அங்கே மரம் மட்டும்தான் இருக்கும், வெளிச்சம் நுழையாது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தை 60 பாகையில் ஒரு வளையத்தோடு நிறுத்தினோம். மீதிச் சட்டங்களை 75 பாகையில் இன்னொரு வளையத்தோடு நிறுத்தினோம். அதற்கு மேல் ஒரு வட்ட மூடி. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அச்சிட்ட கீற்றுகளை உருண்டையில் ஒட்டிக் கோளம் செய்தவர்கள், கூர்முனைகள் கூடும் இடத்தை மறைக்கத் துருவத்தில் வட்டத் தாள் ஒட்டுவது பழைய வழக்கம். அவர்கள் எதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது எங்களுக்குப் படித்தபோது புரியவில்லை, அட்டை மாதிரியின் உச்சியைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வரைபடத்தைக் கீற்றாக்குவது

வரைபடத்துக்கு 'நேச்சுரல் எர்த்' என்ற உலக வரைபடத் தரவை எடுத்தோம். யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். நாட்டு எல்லைகளைப் போடவில்லை. பாஸ்டனில் 1935-இல் திறந்த 'மாப்பேரியம்' என்ற கண்ணாடிக் கோளத்துக்குள் நடந்து போகலாம். சுற்றிலும் ஒளிரும் 608 கண்ணாடிப் பலகைகளில் அந்தக் காலத்து எல்லைகள் அப்படியே உறைந்து நிற்கின்றன. அங்கே அதுவே அதன் அழகு. எங்கள் கோளத்தில் மலையும் பாலைவனமும் காடும் பனியும் மட்டும் போதும் என்று புவியியல் மாணவிகள் இருவரும் உறுதியாக நின்றார்கள். அது சரியான முடிவு.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே போர்த்தும் அச்சிட்ட தாள்தான் ஒரு கீற்று. அதன் வடிவத்துக்கான கணக்கு எளிது. கீற்றின் அகலம் நடுக்கோட்டு அகலத்தை அட்சரேகையின் கொசைனால் பெருக்கிய அளவு. 60 பாகையில் சரிபாதி. ஒரு மாணவன் சிறு நிரல் எழுதி ஒரே இரவில் எல்லாக் கீற்றுகளையும் உருவாக்கிவிட்டான். மறுநாள் பார்த்தால் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடு போட்டி போட்டது! மூலப் படமாக, துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்காட்டர் வரைபடத்தைக் கொடுத்திருக்கிறான். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. அட்சரேகைகள் சம இடைவெளியில் வரும் படத்தைக் கொடுத்ததும் சரியானது. தட்டையான வரைபடம் எவ்வளவு ஏமாற்றும் என்பதை அந்த ஒரு தவறு அவர்களுக்குக் காட்டிவிட்டது.

இரண்டாவது தவறு என்னுடையது. கீற்றின் அகலத்தை வட்டத்தின் வில் நீளமாகக் கணக்கிடச் சொன்னேன்: 261.8 மி.மீ. ஆனால் தாள் இரண்டு சட்டங்களுக்கு நடுவே நேராகப் போகிறது. வேண்டியது நாண் நீளம்: 261.05 மி.மீ. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அரை மில்லிமீட்டர் தடிமனான பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் தாளை இரு பக்கமும் ரிவெட் அடித்து இறுக்கினால், அந்த முக்கால் மில்லிமீட்டருக்குப் போக்கிடம் இல்லை. ஓரமெல்லாம் அலை அலையாக எழும்பியது. ஆறு கீற்றுகள் வீணாயின. மறுபடி வெட்டினோம்.

வெளிச்சத்தைத் திருப்பியது

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன். கோடு கோடாகத் தெரிந்ததற்கு முதலில் எல்லோரும் சொன்ன தீர்வு, இன்னும் நிறையப் பட்டைகள் ஒட்டுவது. அடுத்தது, நடு அச்சில் ஒரு குழாய் நிறுத்தி அதைச் சுற்றி விளக்கு வைப்பது. இதைச் சிறிய மாதிரியில் செய்து பார்த்தோம். நடுக்கோடு பளிச்சென்று இருந்தது, துருவங்கள் இருண்டன. குழாயின் பக்கவாட்டிலிருந்து கிளம்பும் ஒளி மேலேயும் கீழேயும் போவதில்லை.

மாணவியின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பட்டைகளை உள்நோக்கித் திருப்பினால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அந்த அரை மணி நேரத்தை என் ஆசிரியப் பணியின் மிக நல்ல நேரங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சாதாரண எல்இடி பட்டையின் ஒளிவிரிவு 120 பாகை. அதாவது நேராகப் பார்க்கும்போது இருக்கும் ஒளி, 60 பாகை சாய்ந்து பார்த்தால் பாதியாகிறது. 60 பாகையின் கொசைனும் பாதிதான். ஆக அது கொசைன் விதிப்படி ஒளிவிடும் விளக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அதைக் கோளத்தின் உட்சுவரில் மையத்தைப் பார்த்து ஒட்டுங்கள். கோளத்தின் ஏதோ ஒரு புள்ளிக்கு ஒளி போகிறது. விளக்கிலிருந்து கோளத்தின் மையத்துக்குப் போகும் கோட்டிலிருந்து அது விலகும் கோணம் தீட்டா. விளக்கின் பக்கம் ஒரு கொசைன் குறைவு. ஒளி அங்கே சாய்ந்து விழுவதால் அந்தப் பக்கமும் அதே கோணம், அதே கொசைன். தூரம் எவ்வளவு? விட்டத்தை அதே கொசைனால் பெருக்கிய அளவு. ஒளி தூரத்தின் வர்க்கத்தால் வகுபடும். மேலே இரண்டு கொசைன், கீழே இரண்டு கொசைன். அடித்துவிடலாம். மிஞ்சுவது ஆரம் மட்டும்.

கோணம் காணாமல் போய்விட்டது. சாய்வால் குறைகிற ஒளியை, அந்த இடம் பக்கத்தில் இருப்பதே ஈடுகட்டிவிடுகிறது. உட்சுவரில் விளக்கை எங்கே ஒட்டினாலும் கோளத்தின் எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு ஒளி போகும். சுவரில் பட்டுச் சிதறும் ஒளிக்கும் இதே விதி பொருந்துவதால் ஒவ்வொரு சிதறலும் சமமாகவே பரவும். ஆய்வகங்களில் ஒரு விளக்கின் மொத்த ஒளியை அளக்க உட்புறம் வெள்ளை பூசிய கோளம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அது இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. உருண்டையைத் தவிர வேறு வடிவத்துக்கு இந்தப் பண்பு கிடையாது என்று சொன்னதும் ஒருவன் எழுந்துபோய், பாதி கட்டியிருந்த கோளத்தைத் தொட்டுப் பார்த்தான்.

சட்டங்களின் உட்பக்கத்தையெல்லாம் வெள்ளை அடித்தோம். அச்சிட்ட தாளுக்குப் பின்னால் பால் வெள்ளைத் தாள் ஒன்று வைத்தோம். நடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிப் போகும் எட்டு அரைச் சட்டங்களில் மட்டும், உள் விளிம்பில், மையத்தைப் பார்த்தபடி பட்டை ஒட்டினோம். பாதிக் கோளத்துக்கே 28 மீட்டர் பிடித்த பட்டை, இப்போது முழுக் கோளத்துக்கும் பத்தரை மீட்டர் போதுமாயிற்று. மின்திறன் சுமார் 105 வாட். 24 வோல்ட் பட்டை என்பதால் மொத்த மின்னோட்டம் 4.4 ஆம்பியர், இதே திறன் 5 வோல்ட்டில் என்றால் 21 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கும், மெல்லிய கம்பிகளில் அவ்வளவு விடுவது எனக்கு ஒப்பவில்லை. பட்டைகள் தரும் ஒளி ஏறத்தாழ 10,000 லூமென், உட்பரப்பு 12.6 சதுர மீட்டர். ஆக நேரடி ஒளி மட்டுமே சதுர மீட்டருக்கு 800 லூமென், அதாவது 800 லக்ஸ் அளவுக்கு வரும்.

முழுக்கச் சமமாக வந்ததா? இல்லை. பட்டை ஒட்டிய எட்டு அரைச் சட்டங்களின் இரு ஓரத்திலும் லேசான மங்கல் இருக்கிறது. கணக்கு சுவரோடு ஒட்டிய விளக்குக்கானது. எங்கள் பட்டையோ 5 செ.மீ. உள்ளே நிற்கிறது, பக்கத்துத் தாளுக்குப் போகும் ஒளியைச் சட்டமே மறைக்கிறது. தேடிப் பார்த்தால் தெரியும். முதல் நாள் பார்த்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மை

சோதனைக்காகச் சாதாரண அடர்த்தியில் அச்சிட்ட கீற்று, கையில் பார்க்க அழகாக இருந்தது. பின்னால் விளக்கு வைத்ததும் வெளுத்துவிட்டது. தாளைக் கையில் வைத்துப் பார்க்கும்போது ஒளி மைக்குள் நுழைந்து, பட்டுத் திரும்பி, மறுபடி மை வழியாக வருகிறது. இரண்டு முறை நிறம் ஏறுகிறது. பின்னொளியில் ஒரே முறை. அதனால் மை இரு மடங்கு அடர்த்தியாக வேண்டும். கடலுக்கு மட்டும் விலக்கு. பரப்பில் 71 விழுக்காடு கடல். அதை ஆழ்ந்த நீலத்தில் அச்சிட்டால் மொத்தக் கோளமும் இருண்டுவிடும். ஐந்து நீலங்களைக் கீற்றாக வெட்டி ஒளிப்பெட்டி மேல் வைத்துப் பார்த்து, கையில் பார்க்க வெளிறித் தெரிந்த நான்காவது நீலத்தைத் தேர்ந்தோம்.

கதவு

2 மீட்டர் கோளத்தை 90 செ.மீ. கதவு வழியாக எப்படிக் கொண்டுபோவது என்று யாராவது ஒருவர் முதல் வாரமே கேட்க வேண்டும். எங்கள் குழுவில் அதைக் கேட்டவன் அதிகம் பேசாதவன். பாதியாகப் பிரித்தால் ஒரு மீட்டர் ஆழம், போகாது. ஆரஞ்சுச் சுளை போலப் பிரித்தாலும் ஒவ்வொரு சுளையின் வளைவும் அதே ஒரு மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலும் வெட்டி எட்டுத் துண்டாக்கினால் ஒவ்வொன்றின் ஆழமும் 42 செ.மீ. மட்டுமே. சாய்த்துப் பிடித்தால் போய்விடும்.

எட்டுத் துண்டு என்றால் மூட்டுகளில் சட்டம் இரட்டையாகும், கோடு தடிக்கும். அந்தத் தடித்த கோடுகளை எங்கே விழவைப்பது என்பதைப் புவியியல் மாணவிகளிடம் விட்டோம். 30 மேற்கு, 60 கிழக்கு, 150 கிழக்கு, 120 மேற்கு என்று சொன்னார்கள். தென் பாதியில் இவற்றில் மூன்று கோடுகள் நடுக்கோட்டிலிருந்து அண்டார்டிகா வரை கடலில் மட்டுமே போகின்றன. 30 மேற்கு ஆப்பிரிக்காவையும் தொடுவதில்லை, தென் அமெரிக்காவையும் தொடுவதில்லை. 150 கிழக்கு மட்டும் ஆஸ்திரேலியாவின் கிழக்கை வெட்டுகிறது. நடுக்கோட்டு மூட்டைத் தள்ளிவைக்க வழியில்லை. அது விக்டோரியா ஏரியின் மேல் போகிறது. அங்கே மேல் துண்டும் கீழ்த் துண்டும் 3 மி.மீ. பொருந்தாமல் நிற்கின்றன. எங்கள் அளவில் 19 கிலோமீட்டர்! ஏரிக்கரை அந்த இடத்தில் ஒடிந்துதான் இருக்கிறது.

கடைசித் துண்டைப் பொருத்தும்போது உள்ளே நின்று போல்ட்டை முடுக்க ஆள் இருக்க முடியாது. மூட்டு ஓரங்களில் கதவுக் கீல் போலக் கண்ணிகள் வைத்து, வளையும் எஃகுக் கம்பியைத் துருவ வளையத்திலிருந்து கீழ்வரை செருகினோம். கம்பியை உருவினால் துண்டு கழன்றுவிடும்.

சாய்வும் நாங்கள் கைவிட்டதும்

தாள் 8 கிலோ, சட்டங்கள் 20 கிலோ, வளையம், கீல், அச்சுக் குழாய் எல்லாம் சேர்ந்து 40 கிலோவுக்கு வந்தது. அதை 23.4 பாகை சாய்த்து, தென் துருவத்தில் தாங்கினால், மையம் தாங்கும் புள்ளியிலிருந்து 40 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி நிற்கும். அடித்தளத்தை அந்தத் திசையில் நீட்டி, எதிர்ப்பக்கம் மணல் மூட்டைகளை வைத்தோம். நேராக நிறுத்தியிருந்தால் வேலை குறைந்திருக்கும். ஆனால் சாயாத பூமியில் பருவங்கள் ஏது? மின்வழங்கி அடித்தளத்தில் இருக்கிறது, கோளத்துக்குள் இல்லை. தென் மூடியில் காற்று நுழைய இடைவெளி, வட மூடியில் சிறு விசிறி.

சுழற்சியைக் கைவிட்டோம். பகலும் இரவும் காட்டும் ஆசையையும் கைவிட்டோம். அது எல்லோருக்கும் வலித்தது. ஒளியைச் சமமாகப் பரப்பும் அதே பண்பு, ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருக்க விடாது. உள்ளே வெள்ளை வட்டத் தகடு ஒன்றை நிறுத்தி ஒரு பாதியை மட்டும் ஒளிரவைக்கலாம் என்று ஒருவன் வரைபடம் போட்டு வைத்திருக்கிறான். அடுத்த குழு எடுத்துச் செய்யட்டும்.

நிலா

கண்காட்சிக்கு நான்கு நாள் முன்பு, இதே அளவில் நிலா எங்கே இருக்கும் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். 54 செ.மீ. உருண்டை, 60 மீட்டர் தள்ளி. எங்கள் தாழ்வாரம் அதைவிடச் சற்று நீளம். ஒரு வெள்ளை உருண்டையை அதே அளவில் செய்து மறுகோடியில் நிறுத்தினார்கள்.

வந்தவர்கள் பூமியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாழ்வாரம் வழியே நிலா வரை நடந்து போனார்கள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், நிலவிலிருந்து பார்ப்பவருக்குப் பூமி எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதே அளவில் அது தெரியும். நமக்கு நிலா தெரிவதைப் போல மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான அகலத்தில். அவ்வளவு தூரத்திலிருந்து சட்டக் கோடும் தெரியவில்லை, ஒடிந்த ஏரிக்கரையும் தெரியவில்லை. சாய்ந்த நீல உருண்டை, அதில் மேலும் கீழும் வெள்ளை. முதல் நாள் மாலை ஏழு மணிக்கு, அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி நிலாவின் பக்கத்திலிருந்து கத்தினாள்: "சார், தாழ்வார லைட்ட எல்லாம் அணைச்சிடுங்க!" அணைத்தோம்.